மலையூரில் சிறுமியர் கால்பந்து அணிக்குப் பொறுப்பேற்கும் ஒருவர் புதிய பருவத்தை எப்படித் தொடங்க வேண்டும்?

குன்னூர் அருகே ஒரு பள்ளியில் 12 முதல் 14 வயது வரையுள்ள சிறுமியரின் அணிக்கு முதன்முறையாகப் பொறுப்பேற்பதாகவும், ஜூன் மாதத்தில் எதிலிருந்து தொடங்குவது, பதினொரு பேரை எப்போது தேர்ந்தெடுப்பது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். செப்டம்பர் வரை யாரையும் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதே என் பதில்.

கோத்தகிரிப் பக்கம் ஏழு ஆண்டுகளாக ஒரு சிறுமியர் அணிக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். ஜூனில் பெயர் கொடுத்தவர்களில் எத்தனை பேர் பிப்ரவரியிலும் மைதானத்துக்கு வருகிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். கோல்களை எண்ணுவது அதற்குப் பிறகுதான். சிறுவர் அணியில் ஒருவன் நின்றுவிட்டால் அடுத்த வாரமே இன்னொருவன் வந்துவிடுவான். சிறுமியர் அணியில் ஒருத்தி நின்றால், அவளோடு ஒரே பேருந்தில் ஊர் திரும்பும் மற்ற இருவரும் சேர்ந்து நின்றுவிடுவார்கள். ஆகவே பெயர்ப் பட்டியல் எழுதும்போதே யார் எந்த ஊர், எந்தப் பேருந்து, உடன் வருபவர் யார் என்பதையும் எழுதி வையுங்கள். மாலைப் பேருந்துக்குக் கால் மணி நேரம் முன்னதாகப் பயிற்சியை முடித்துவிடுங்கள். ஆட்டம் எவ்வளவு சூடு பிடித்திருந்தாலும் இதில் தளர்வு கூடாது.

நான் செய்த ஒரு தவறை இங்கே சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டில், நன்றாக ஓடக்கூடிய ஒரு பிள்ளை ஆகஸ்ட் மாதத்தில் திடீரென்று வருவதை நிறுத்தினாள். ஆர்வம் குறைந்துவிட்டது என்று நானே முடிவு செய்து அவள் பெயரை நீக்கிவிட்டேன். அவள் வயதுக்கு வந்திருந்தாள் என்பதும், எங்கள் அணியின் வெள்ளைக் கால்சட்டையை அணிந்து எல்லார் முன்னாலும் ஓட அஞ்சினாள் என்பதும் பல மாதங்கள் கழித்து அவளுடைய சித்தி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அடுத்த பருவத்திலேயே கால்சட்டையைக் கருநீலமாக மாற்றினோம். வேண்டியவர்கள் அதற்கடியில் முழுநீள லெக்கிங்ஸ் அணியலாம் என்றும் அறிவித்தோம். 2023 மகளிர் உலகக் கோப்பையில் இங்கிலாந்து வீராங்கனைகளே இதே காரணத்தால் வெள்ளைக் கால்சட்டையை விட்டு நீலத்துக்கு மாறினார்கள் என்னும்போது, நம் பிள்ளைகளின் அச்சத்தைச் சிறிதாக எண்ணுவதற்கு இடமே இல்லை. நீங்கள் ஆணாக இருந்தால், ஓர் ஆசிரியையோ ஒரு பிள்ளையின் தாயோ ஒவ்வொரு பயிற்சியிலும் உடனிருக்க ஏற்பாடு செய்யுங்கள். நாப்கினும் மாற்றுடையும் உள்ள ஒரு பை அவரிடம் இருக்கட்டும். யாரும் உங்களிடம் வந்து கேட்கும் நிலை வரக்கூடாது.

பெற்றோரைப் பள்ளிக்கு அழைப்பதைவிட நீங்கள் அவர்களிடம் செல்வது நல்லது. தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்க்கும் தாய், கொழுந்தை எடை போட்டுவிட்டு, தொழிலாளர் வரிசை வீடான லைன் வீட்டுக்குத் திரும்பும்போது மாலையாகிவிடும். விறகும் தண்ணீரும் தம்பி தங்கையும் மூத்த மகளுக்காகத்தான் காத்திருக்கும். வாரம் ஐந்து நாள் பயிற்சி என்று அறிவித்தால் அந்த மகளை முதல் வாரத்திலேயே இழந்துவிடுவீர்கள். நான் மூன்று நாள்களுக்கு மேல் வைப்பதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் சென்று, பயிற்சி எத்தனை மணிக்கு முடியும், யாருடன் அனுப்பி வைப்பேன் என்பதைச் சொல்லுங்கள். தமிழ்நாட்டு மகளிர் அணி 2018-லும் 2023-லும் தேசியப் பட்டத்தை வென்றதையும், மதுரையின் சேது எஃப்.சி. 2019-இல் இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்றதையும் நான் எடுத்துச் சொல்வதுண்டு. அரசு வேலை கிடைக்கும் என்று மட்டும் சொல்ல மாட்டேன். நம் கையில் இல்லாததை ஒரு தாய்க்கு வாக்களிக்கக் கூடாது.

பருவத்தைத் திட்டமிடும்போது சமவெளியின் நாள்காட்டியை அப்படியே பின்பற்றாதீர்கள். தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர் பக்கம் கொட்டித் தீர்க்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில், குன்னூரிலும் கோத்தகிரியிலும் பெரும்பாலான நாள்கள் ஆடக்கூடியவையாகவே இருக்கும். நமக்குப் பெருமழை அக்டோபரிலும் நவம்பரிலும் வடகிழக்கிலிருந்து வருகிறது. அடிப்படைத் திறன்களை அதற்குள் முடித்துவிட்டு, மழை மாதங்களில் பள்ளியின் கூடத்திலோ தாழ்வாரத்திலோ சமநிலைப் பயிற்சியும் குறுகிய பாஸ்களும் செய்யலாம். மூடுபனி இறங்கி ஒரு கோல் போஸ்டிலிருந்து மற்றொன்று தெரியாமல் போனால் ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள். டிசம்பரிலும் ஜனவரியிலும் தங்கள் தெய்வமான ஹெத்தையம்மனின் திருவிழாவுக்காகப் படுகர் வீட்டுப் பிள்ளைகள் ஹட்டிகள் எனப்படும் தங்கள் ஊர்களுக்குச் சென்றுவிடுவார்கள். அந்த நாள்களில் போட்டி வைத்துவிட்டு வராதவர்களைக் கடிந்துகொள்வது அநியாயம்.

பயிற்சியில் நான் மிகவும் வலியுறுத்துவது முழங்காலைத்தான். முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் கிழிவது சிறுவர்களைவிடப் பருவ வயதுச் சிறுமியருக்கே அதிகம் நேர்கிறது. பெரும்பாலும் யாரும் மோதாமலே, குதித்து இறங்கும்போதோ சட்டென்று திரும்பும்போதோ அது நிகழ்கிறது. ஃபிஃபா 11 பிளஸ் என்னும் 20 நிமிட உடல்தயாரிப்பு முறை இத்தகைய காயங்களைத் தடுக்க உருவாக்கப்பட்டது. 14 வயதுக்குட்பட்டோருக்கு அதன் தனி வடிவமும் உண்டு. அதற்குப் பந்தைத் தவிரச் சிறப்புக் கருவி எதுவும் தேவையில்லை. குதித்து இறங்குகையில் இரு முழங்கால்களும் உட்பக்கம் சாய்கின்றனவா என்று ஒவ்வொருத்தியையும் முன்னாலிருந்து பாருங்கள். சாய்ந்தால், மெதுவாக மடங்கி இறங்கக் கற்றுக்கொடுங்கள். நம் மைதானங்கள் மேடும் பள்ளமுமாக இருப்பதால் இதைத் தவிர்க்கவே கூடாது.

மற்ற நேரத்தில் ஐந்துக்கு ஐந்து ஆடவிடுங்கள். முழு மைதானத்தில் பத்து நிமிடம் பந்தே தொடாமல் நிற்கும் பிள்ளை, சிறிய ஆட்டத்தில் நிமிடத்துக்கு ஒரு முறையாவது அதைத் தொடுவாள். 12 வயது வரை நான்காம் எண் பந்தும், அதற்கு மேல் ஐந்தாம் எண் பந்தும் ஏற்றவை. கோல்கீப்பர் உட்பட எல்லா இடங்களிலும் எல்லாரும் மாறி மாறி ஆடட்டும். குண்டாக இருக்கிறாள் என்பதற்காக ஒரு பிள்ளையைக் கோலில் நிறுத்துவது இன்றும் பல இடங்களில் நடக்கிறது, அதை நீங்கள் செய்யாதீர்கள். போட்டிகளில் ஒவ்வொருத்திக்கும் குறைந்தது ஒரு பாதியாவது வாய்ப்புக் கொடுங்கள். அதனால் சில ஆட்டங்களைத் தோற்போம், நாங்களும் தோற்றிருக்கிறோம். ஆனால் யாரும் வீட்டுக்குச் சென்று 'என்னை விளையாடவே விடவில்லை' என்று சொன்னதில்லை.

சமவெளியில் ஆடும் முதல் போட்டியைப் பற்றியும் ஒரு சொல். மலையில் பழகியவர்களுக்கு மூச்சு நன்றாக இருக்கும் என்று நம்பிக் கோயம்புத்தூருக்குச் செல்வோம். அங்கே பிள்ளைகளை வீழ்த்துவது வெயில். முடிந்தால் முந்தின நாளே இறங்கிவிடுங்கள், நிழலில் உடல்தயாரிப்பு செய்யுங்கள், தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் கொடுங்கள். காற்று அடர்த்தி கூடுதலாக இருப்பதால் அங்கே நீண்ட பாஸ் இங்கே போவதைவிடச் சற்று முன்னதாகவே விழும். 1,850 மீட்டர் உயரத்தில் காற்றடைத்த பந்தும் கீழே கொஞ்சம் தளர்ந்திருக்கும். பம்பை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.