சம்பளத்துக்குப் போனாலும் பழைய பில்லுக்குக் கணக்கு உண்டு

கேள்வி: எனக்குப் பெருந்துறை. வீட்டிலிருந்தபடியே இன்டீரியர் டிசைன் வேலை எடுத்துச் செய்துவந்தேன். 2025 அக்டோபரில் கோவையில் ஒரு கம்பெனியில் மாதம் 50,000 ரூபாய் சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டேன். அதற்கு முந்தைய ஆறு மாதத்துக்கு என் பில் மொத்தம் 4,80,000 ரூபாய். அதில் 3,60,000 இரண்டு பில்டர்களுக்குப் போட்டது. 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். மீதியை வீட்டுக்காரர்கள் ஜிபேயில் அனுப்பினார்கள். "12 லட்சம் வரைக்கும் வரியே இல்லைங்க, கம்பெனி ஃபாரம் 16 கொடுக்கும், நீங்க ரிட்டர்ன் போட வேண்டியதில்லை" என்கிறார் அலுவலகத்தில் ஒருவர். அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம் அம்மணி. விட்டால் பில்டர்கள் பிடித்த உங்கள் 36,000 ரூபாய் அரசாங்கத்திடமே தங்கிவிடும்.

அலுவலக நண்பர் சொல்வதில் பாதி உண்மை. 2025-26 நிதியாண்டுக்குப் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை சம்பளம், தொழில் வருமானத்துக்கு வரி கட்ட வேண்டி வராது. ஆனால் அது வருமான வரிச் சட்டத்தின் 87ஏ பிரிவு தரும் தள்ளுபடி. அடிப்படை விலக்கு 4 லட்சம்தான். ரிட்டர்ன் போடுவது கட்டாயமா என்று பார்ப்பது அந்த 4 லட்சத்தை வைத்து. வரி பூஜ்யமாக வந்தாலும், வருமானம் அதைத் தாண்டினால் கணக்குக் காட்டியாக வேண்டும்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆறு மாதச் சம்பளம் 3,00,000. நிலையான கழிவு 75,000 போக 2,25,000. தொழில் பக்கம், இன்டீரியர் வேலை சட்டத்திலேயே பெயர் சொல்லிக் குறிப்பிட்ட தொழில் என்பதால் 44ஏடிஏ பிரிவைப் பயன்படுத்தலாம். வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும். செலவுக்கான பில், வவுச்சர் எல்லாம் சேர்த்து வைக்க வேண்டாம். 4,80,000-இல் பாதி 2,40,000. இரண்டும் சேர்ந்து 4,65,000. விலக்கைத் தாண்டும் 65,000-க்கு 5 சதவீதம், 3,250 ரூபாய். அதையும் 87ஏ தள்ளுபடி செய்துவிடும். வரி பூஜ்யம். பில்டர்கள் பிடித்த 36,000 முழுதும் திரும்ப வர வேண்டிய பணம்.

வருமானம் 4 லட்சத்துக்குள் நின்றிருந்தாலும் நீங்கள் தப்பியிருக்க முடியாது. வருடத்தில் பிடித்த டிடிஎஸ் (பணம் கொடுப்பவர் முன்கூட்டியே பிடிக்கும் வரி) 25,000 ரூபாயைத் தொட்டாலே ரிட்டர்ன் கட்டாயம் என்று 2022 முதல் விதி இருக்கிறது. இது பலருக்கும் தெரிவதில்லை. நம் பக்கம் டெக்ஸ்டைல், பில்டிங் வேலைகளுக்கு டிசைன் செய்து கொடுக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் இதில் மாட்டுகிறார்கள்.

ஃபாரம் 16-ஐ மட்டும் நம்பாதீர்கள். அதில் இருப்பது கம்பெனி கொடுத்த சம்பளம். அக்டோபருக்கு முந்தைய கதை அதற்குத் தெரியாது. ஆனால் உங்கள் பான் எண்ணில் துறைக்கு எல்லாம் தெரியும். வருமான வரி போர்ட்டலில் 26ஏஎஸ் (உங்கள் பெயரில் பிடித்த வரியின் பட்டியல்), ஏஐஎஸ் (வருட வரவு விவரம்) இரண்டையும் இறக்கிப் பாருங்கள். பில்டர்கள் பிடித்தது 194ஜே (தொழில்முறைக் கட்டணம்) என்று நிற்கிறதா, 194சி (கான்ட்ராக்ட்) என்று நிற்கிறதா என்பதைக் கவனியுங்கள். பிளைவுட், ஆசாரி கூலி எல்லாம் சேர்த்து மொத்தமாக ஒப்பந்தம் எடுத்திருந்தால் அது கான்ட்ராக்ட் வியாபாரம். அதற்கு 44ஏடிஏ பொருந்தாது, கணக்கு மாறும். வெறும் டிசைன் கட்டணம் என்றால் மேலே சொன்னபடியே.

பில்டர் பணத்தைப் பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாமல் விட்டிருந்தால்? 26ஏஎஸ்ஸில் அந்தத் தொகை வராது. 205-ஆம் பிரிவு, பிடிக்கப்பட்ட வரியை மறுபடியும் உங்களிடம் கேட்கக் கூடாது என்கிறது. ஆனால் ரீஃபண்ட் தானாக வந்துவிடாது. உங்கள் இன்வாய்ஸ், பிடித்தது போக வந்த தொகையைக் காட்டும் பேங்க் ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப்பில் அவர் ஒப்புக்கொண்ட செய்தி, எதையும் அழிக்காதீர்கள். சண்டைக்குப் போகும் முன் அவருடைய ஆடிட்டருக்கு ஒரு போன் போடுங்கள். பெரும்பாலும் பான் எண்ணில் ஓர் எழுத்து தவறியிருக்கும்.

போட வேண்டிய ரிட்டர்ன் படிவம் ஐடிஆர்-4. ஐடிஆர்-1 சம்பளக்காரர்களுக்கானது, தொழில் வருமானத்தை அதில் காட்ட முடியாது. ஃபாரம் 16 ஜூன் நடுவில் கைக்கு வந்துவிடும். ஐடிஆர்-4-க்குக் கடைசித் தேதி ஆகஸ்ட் 31, அதைத் தாண்ட விடாதீர்கள். தாமதமானால், 5 லட்சத்துக்குள் வருமானம் உள்ள உங்களுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான். அது பெரிய விஷயமில்லை. டிசம்பர் 31-ஐயும் தவறவிடுவதுதான் ஆபத்து. அப்புறம் போடும் 'அப்டேட்டட் ரிட்டர்ன்' ரீஃபண்ட் கேட்க உதவாது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மேலதிகாரிக்கு மனுப் போட்டு, காத்திருக்க வேண்டியதுதான். போட்ட பிறகு 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி கொடுத்து உறுதி செய்யுங்கள். இதற்கெல்லாம் கோவை ரேஸ்கோர்ஸ் அலுவலகத்துக்கு அலைய வேண்டாம், வீட்டிலேயே முடியும்.

வேலையில் சேர்ந்ததும் சம்பளக் கணக்கு புதிதாகத் தொடங்கியிருப்பீர்கள். பழைய கணக்கை மூடியிருந்தால், புதியதைப் போர்ட்டலில் சேர்த்து உறுதிப்படுத்துங்கள். இல்லையென்றால் ரீஃபண்ட் போன வழியே திரும்பிவிடும்.

அக்டோபருக்குப் பிறகு வசூலான பழைய பாக்கி ஏதாவது இருந்தால் அதுவும் தொழில் வரவுதான், சம்பளத்தில் சேராது. இனி எந்த வேலையும் எடுக்கப் போவதில்லை என்றால் அடுத்த வருடம் ஐடிஆர்-1 போதும். 44ஏடிஏ-வை ஒரு வருடம் எடுத்ததால் தொடர்ந்து எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

ஜிஎஸ்டி பற்றி நீங்கள் எழுதவில்லை. 20 லட்சத்துக்குள் வரவு என்பதால் பதிவு தேவைப்பட்டிருக்காது. ஆனால் பில்டர் கேட்டார் என்று நம்பர் வாங்கி வைத்திருந்தால், வேலையை விட்டதோடு அது தானாக அணையாது. வியாபாரமே இல்லாவிட்டாலும் பூஜ்யம் என்று காட்டும் 'நில்' ரிட்டர்ன் போட வேண்டும், போடாத ஒவ்வொரு நாளுக்கும் தாமதக் கட்டணம் ஏறும். அந்தப் பதிவை ரத்து செய்ய இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். ரத்தானதும் மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற கடைசி ரிட்டர்னும் உண்டு.