சியாட்டில்ல வீடு இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்கன்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்க கேள்வியைப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். போன்ல வீடு இருக்குன்னு சொன்ன அப்பார்ட்மென்ட் மேனேஜர் நேர்ல போய் நின்னதும் போயிடுச்சுன்னு கைய விரிச்சிட்டார், சியாட்டில் மனித உரிமை கமிஷன்ல சொல்லலாமா, சொன்னா விசாவுக்கு ஏதாவது ஆகுமா, அப்படியே குளிருக்கு என்ன வாங்கணும், லைசென்ஸ் எப்ப எடுக்கணும்னும் கேட்டிருக்கீங்க. ஜாக்கெட்டும் லைசென்ஸும் ஆபீஸ்ல யாரைக் கேட்டாலும் சொல்லிடுவாங்க, அதை விடுங்க.

2005ல எங்களுக்கும் இதேதான் நடந்துச்சு. நான் ஆறு மாசம் முழுகாம இருந்தேன், ரெண்டு பஸ் மாறி நனைஞ்சுகிட்டே போனோம், அந்த மேனேஜர் என் வயித்தைப் பாத்தார், இவர் முகத்தைப் பாத்தார், நேத்து சாயங்காலமே போயிடுச்சேன்னார். வெளில வந்தா வாடகைக்குன்னு போட்ட போர்டு கம்பில அப்படியே ஆடிக்கிட்டு இருக்கு. மறுநாள் இவர் கூட வேலை பாக்கற ஒரு அமெரிக்கர் அதே நம்பருக்குப் பேசினார், ரெண்டு வீடு காலியா இருக்கு எப்ப வர்றீங்கன்னு கேட்டிருக்காங்க.

நம்மாளுங்ககிட்ட சொன்னோம். பத்து வருஷமா இங்க இருக்கறவங்க, வந்த இடத்துல எதுக்குமா வம்பு, கேஸுன்னு போனா கிரீன் கார்டு நின்னுடும்னாங்க. நம்பி வாயை மூடிட்டோம். வீட்டு விஷயத்துல அமெரிக்கா முழுக்க இருக்கற பெடரல் சட்டப்படி ஒரு வருஷத்துக்குள்ள புகார் குடுக்கணும், பொறந்த நாட்டை வச்சு மட்டும் இல்ல, கர்ப்பமா இருக்கறதை வச்சு வீடு மறுக்கறதும் 1988ல போட்ட சட்டப்படியே தப்புன்னு எனக்குத் தெரிய வந்தப்ப என் பொண்ணுக்கு ரெண்டு வயசு. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கல. அந்த அட்வைஸ் சொன்னவங்க யாரும் ஒரு தடவை கூட சிட்டி ஹால் படி ஏறினவங்க இல்ல, இன்னிக்கும் புதுசா வர்றவங்ககிட்ட அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்காங்க.

ஒண்ணு புரிஞ்சுக்கங்க, கமிஷன் வேற, புகாரை விசாரிக்கற ஆபீஸ் வேற. கமிஷன் 1963லேர்ந்து இருக்கு, அதுல இருக்கறவங்க நம்மள மாதிரி வேலைக்குப் போய்ட்டு சாயங்காலம் மீட்டிங்குக்கு வர்ற வாலண்டியர்ஸ், மேயருக்கும் கவுன்சிலுக்கும் யோசனை சொல்றதுதான் அவங்க வேலை. உங்க மேனேஜரைக் கூப்பிட்டு விசாரிக்க அவங்களால முடியாது. அதுக்கு நகரத்தோட சிவில் ரைட்ஸ் ஆபீஸ் இருக்கு, சம்பளத்துக்கு வேலை பாக்கற விசாரணை ஆட்கள் அங்கதான் இருக்காங்க. புகாரை அங்க குடுங்க. இதே மாதிரி நிறைய பேருக்கு நடக்குதுன்னு கமிஷன் மீட்டிங்ல போய்ப் பேசுங்க. ரெண்டையும் குழப்பிக்கிட்டு கமிஷனுக்கு ஒரு மெயில் போட்டுட்டு மாசக்கணக்கா காத்திருந்தவங்களை எனக்குத் தெரியும்.

விசா பயம் வேணாம். பொதுவா சிட்டி ஊழியர்கள் உங்க இமிக்ரேஷன் ஸ்டேட்டஸைக் கேக்கக் கூடாதுன்னு 2003லயே சியாட்டில்ல சட்டம் போட்டாச்சு. புகார் குடுத்தீங்கன்னு உங்களைப் பழிவாங்கினா அது தனியா இன்னொரு குத்தம்.

எங்க காலத்துல இல்லாத ஒண்ணு உங்களுக்கு இருக்கு. 2017லேர்ந்து சியாட்டில்ல வீடு விடறவங்க என்ன தகுதி வேணும்னு முன்னாடியே சொல்லணும், அப்ளிகேஷன் வந்த தேதி நேரத்தைக் குறிக்கணும், தகுதியோட முதல்ல வந்தவருக்குத்தான் முதல்ல தரணும். ஓனர்கள் கோர்ட்டுக்குப் போனாங்க, 2019ல மாநில சுப்ரீம் கோர்ட் சட்டம் செல்லும்னுடுச்சு. அதனால சும்மா பாத்துட்டு வராதீங்க, அப்ளிகேஷனை முழுசா நிரப்பிக் குடுத்துட்டு வாங்க, குடுத்த நேரத்தை போட்டோ எடுத்து வச்சுக்கங்க.

ஆனா இதெல்லாம் சியாட்டில் எல்லைக்குள்ள மட்டும்தான். நம்மாளுங்க பாதிப்பேர் பக்கத்து ஊர்களான பெல்வியூலயும் ரெட்மண்ட்லயும் இருந்துகிட்டு சியாட்டில்ல இருக்கேன்னுதான் சொல்லுவாங்க, அட்ரஸைப் பாருங்க. அங்கன்னா வாஷிங்டன் மாநில மனித உரிமை கமிஷன்கிட்ட போகலாம், வீட்டுக்கு ஒரு வருஷம் டைம், ஆனா வேலை இடத்துப் பிரச்சினைன்னா பொதுவா ஆறே மாசம். இந்த ஆறு மாசத்துலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க.

இன்னொண்ணும் சொல்லிடறேன், கோவப்படறவங்க படட்டும். 2023 பிப்ரவரில சாதியை வச்சு பாகுபாடு காட்டக் கூடாதுன்னு அமெரிக்காவுலயே முதல் நகரமா சியாட்டில் கவுன்சில் சட்டம் போட்டுச்சு, 6க்கு 1 ஓட்டு. அன்னிக்குப் பேச நம்மூர் ஆளுங்க வரிசை கட்டி நின்னாங்க, ஆதரவாவும் எதிராவும். தனக்கு வீடு குடுக்கலன்னதும் அநியாயம்னு துடிச்ச அதே வாய் சாதின்னதும் இங்க எங்க இருக்கு அதெல்லாம்னு கேட்டுச்சு. நான் ஆதரவாதான் போனேன்.

மொத தடவை கமிஷன் மீட்டிங்குக்குப் போனப்ப மைக் முன்னாடி எனக்கு இங்கிலீஷே வரல, குடுத்த நேரம் ஓடுது, பேப்பர் நடுங்குது. முடிச்சிட்டு வந்து உக்காந்தா பக்கத்துல ஒரு கறுப்பினத்து அம்மா, எழுபது வயசு இருக்கும், என் கைய புடிச்சுக்கிட்டாங்க. இந்த ஊர்ல யாரு வேணா எங்க வேணா வீடு வாங்கலாம்னு ஒரு சட்டத்தை 1964ல மக்கள் ஓட்டுக்கு விட்டாங்களாம், ரெண்டு மடங்குக்கும் மேல வித்தியாசத்துல தோத்துப் போச்சாம். அவங்க அப்பா கையில காசை வச்சுக்கிட்டு அதே தெருவுல இன்னும் நாலு வருஷம் இருந்திருக்கார். 1968 ஏப்ரல்ல, மார்ட்டின் லூதர் கிங்கைக் கொன்னு ரெண்டு வாரம் கழிச்சு, கவுன்சில் அதை ஒருமனசா நிறைவேத்துச்சு.

அப்புறம் பையிலேர்ந்து ஒரு நோட்டை எடுத்து, உனக்கு நடந்தது என்னிக்குன்னு கேட்டாங்க. அதுக்கு டைம் முடிஞ்சு போச்சும்மான்னேன். தெரியும், தேதியைச் சொல்லுன்னாங்க. சொன்னேன். தெரு பேரு, எத்தனை மணி, போர்டு தொங்கினது, எல்லாத்தையும் ஒண்ணொண்ணா கேட்டு எழுதிக்கிட்டாங்க.