ரத்தப் பரிசோதனை ஸ்கேனுக்கு ஈடாகுமா?

கேள்வி: என் தந்தைக்குப் புற்றுநோய் காரணமாக ஒரு சிறுநீரகம் அகற்றப்பட்டது. பயாப்ஸி அறிக்கையில் ‘கிளியர் செல்’ வகை என்று இருக்கிறது. நோய் திரும்புகிறதா என்பதை மைக்ரோ ஆர்.என்.ஏ. ரத்தப் பரிசோதனையிலேயே அறியலாம் என்கிறார்கள். ஸ்கேனுக்குப் பதிலாக அதைச் செய்துகொள்ளலாமா? – ஒரு வாசகி

பதில்: இப்போதைக்குக் கூடாது. ஆனால் உங்கள் கேள்வியில் விஷயம் இருக்கிறது.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது ஏறத்தாழ 22 வேதி ‘எழுத்துகளே’ (நியூக்ளியோடைடுகள்) நீளமுள்ள ஆர்.என்.ஏ. துணுக்கு. மரபணுவின் கட்டளையைச் சுமந்து செல்லும் தூது ஆர்.என்.ஏ.வில் தனக்குப் பொருந்தும் இடத்தில் ஒட்டிக்கொண்டு, புரதம் உருவாவதை அது மட்டுப்படுத்துகிறது. 1993இல் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவில் இதைக் கண்டறிந்ததற்காகவே விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்குன் இருவருக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது.

கிளியர் செல் கட்டிகளில் பெரும்பாலானவற்றில், 3ஆம் குரோமோசோமில் இருக்கும் வி.எச்.எல். மரபணு செயலிழந்திருக்கும். ஆக்சிஜன் போதிய அளவு இருக்கும்போது ஹெச்.ஐ.எஃப். என்ற புரதத்தை அழிவுக்கு அனுப்புவது அந்த மரபணுவின் பொறுப்பு. அது கெட்டுவிட்டால் ஹெச்.ஐ.எஃப். அழியாமல் தேங்கிவிடும்; காற்றோட்டமான அறையில் இருந்துகொண்டே மூச்சுமுட்டுகிறது என்று அலறுபவரைப் போல, செல் புதிய ரத்தக் குழாய்களை வரவழைக்கத் தொடங்குகிறது. அதே ஹெச்.ஐ.எஃப். தூண்டுவதால் மிர்-210 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.வும் கட்டியில் பெருகுகிறது. மாறாக, செல்கள் ஒன்றையொன்று பற்றியிருக்க உதவும் மிர்-141, மிர்-200சி ஆகியவை குறைந்துவிடுகின்றன. (எண்களைக் கண்டு மிரள வேண்டாம்; அவை பெரும்பாலும் கண்டறியப்பட்ட வரிசையைக் குறிப்பவை, அவ்வளவுதான்.)

கட்டியில் பெருகும் மிர்-210 ரத்தத்திலும் கூடுவதைச் சில ஆய்வுகள் கண்டுள்ளன. எனினும் ஆக்சிஜன் பற்றாக்குறை எங்கே ஏற்பட்டாலும் அது கூடும். வேறு பல புற்றுநோய்களிலும் கூடும். சோதனைக் கூடத்துச் சிக்கலும் உண்டு. எடுத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் சில உடைந்து சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) இளஞ்சிவப்பாக மாறினால், அவற்றிலிருந்து கசியும் மிர்-16, மிர்-451 கணக்கைக் குழப்பிவிடும். மற்றவற்றை ஒப்பிட்டு அளக்கும் அளவுகோலாகவே மிர்-16ஐச் சில ஆய்வுகள் எடுத்துக்கொண்டிருப்பதால், ஒரே ரத்த மாதிரிக்கு இரண்டு சோதனைக் கூடங்கள் இருவேறு விடை தருவதில் வியப்பில்லை.

ஆய்வுக்காக மருத்துவர் ரத்தம் கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் ஸ்கேன் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்; இருப்பது ஒரே சிறுநீரகம் என்பதால், ஸ்கேனுக்கு முன் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்து, அந்த அறிக்கையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.