மதில் ஓரம் முளைக்கும் மஞ்சள் பூச்செடி கடுகுக் குடும்பமா? எப்படி அறிவது?

கொழும்பில் மழைக்குப் பின் மதில் ஓரத்திலும் கான் ஓரத்திலும் நான்கு மஞ்சள் இதழோடு ஒரு களை முளைக்கும். அது கடுகுக் குடும்பமா, அல்லது அதைப் போலவே தோன்றும் வேறு குடும்பத்துக் களையான நாய்க்கடுகா என்பதே கேள்வி.

கடுகுக் குடும்பம் என்பது கடுகு, முள்ளங்கி, கோவா எல்லாம் சேர்ந்த இனம். ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, விதை விட்டுக் காய்ந்துபோகும் களைகளும் இதில் உண்டு.

முதலில் பூவைப் பாருங்கள். கடுகுக் குடும்பத்தில் நான்கு இதழ்களும் சிலுவை போல விரியும். நடுவே பெரும்பாலும் ஆறு கேசரங்கள் (மகரந்தம் தாங்கும் இழைகள்): நான்கு நீளம், இரண்டு குட்டை. நாய்க்கடுகில் இதழ்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். கேசரங்களும் ஆறுக்கு மேல். தண்டைத் தொட்டால் பிசுபிசுக்கும், ஓர் இலையில் மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகள் இருக்கும். எனக்கு அதிகம் நம்பிக்கை தருவது காய்தான். முற்றிய காயைப் பிரித்தால், கடுகினத்தில் இரண்டு ஓடுகளுக்கு நடுவே மெல்லிய சவ்வு நிற்கும். நாய்க்கடுகில் அந்தச் சவ்வு இல்லை.

இலையைக் கசக்கினால் கார நெடி வருவது ஏன்? இலைக்குள் ஒரு கந்தகப் பொருளும் அதை உடைக்கும் நொதியும் தனித்தனியே இருக்கின்றன, கசங்கும்போதுதான் கலக்கின்றன. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றும் வாயில் சேர்ந்த பிறகே சிவப்பது போலத்தான் இதுவும்.

சரி, நெடி வந்தாலே கடுகுக் குடும்பம் என்று பலர் முடிவு செய்கிறார்கள். அது தவறு, நெருங்கிய உறவான நாய்க்கடுகுக் குடும்பத்திலும் அதே வகைப் பொருட்கள் உண்டு.