குறிப்பு கேட்பது குற்றமா?

அன்புள்ள அக்கா,

மாலையில் நானும் அண்ணன் மகளும் மொபைலில் புதிர் விளையாட்டுகள் ஆடுவோம். சற்றுத் திணறினாலே அவள் குறிப்புப் பொத்தானை அழுத்திவிடுகிறாள். "வேண்டாமென்றால் நீங்கள் தொடாதீர்கள் சித்தப்பா" என்கிறாள். தொடாவிட்டாலும் அது அங்கே இருப்பதே எனக்குப் புதிரின் கடினத்தைக் குறைத்துவிடுகிறது. குறிப்பே இல்லாத விளையாட்டுதான் நேர்மையானது அல்லவா?

வாசகர், தண்டையார்பேட்டை

அன்புள்ள தம்பி,

பொத்தான் இருப்பதே புதிரை மாற்றிவிடும் என்பது உண்மை. விடை தெரியாமல் எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுகிறோமோ அதுவும் கடினத்தின் பங்குதான். தப்பிக்க வழி இருந்தால் அந்த நேரம் சுருங்கிவிடும். ஆனாலும் குறிப்பையே ஒழிக்கச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

வியாசர்பாடியில் கேரம் ஆடும் பையனுக்குப் பின்னால் நிற்கும் பெரியவர், "அந்த மூலைக் காயைப் பார்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அடி பையனுடையது. நல்ல குறிப்பு அப்படித்தான் இருக்க வேண்டும்.

1980களில் இன்ஃபோகாம் நிறுவனம் எழுத்தை மட்டும் படித்து ஆடும் தன் கணினி சாகச விளையாட்டுகளுக்கு 'இன்விசிக்ளூஸ்' என்ற குறிப்புப் புத்தகங்களை விற்றது. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே விடைகள் கண்ணுக்குத் தெரியாத மையில் இருக்கும். தனிப் பேனாவால் தேய்த்தால்தான் எழுத்து எழும். முதல் வரி பூடகமாக இருக்கும், அடுத்தது கொஞ்சம் வெளிப்படையாக, முழு விடை கடைசியில். கேள்விகளைப் படித்தே கதையை ஊகித்துவிடக் கூடாதென்று, விளையாட்டில் இல்லாதவற்றைப் பற்றிய பொய்க் கேள்விகளையும் கலந்து வைத்தார்கள். ஆடுபவர் மீது எத்தனை அக்கறை!

2007இல் ஜப்பானில் வெளியான முதல் பேராசிரியர் லேட்டன் விளையாட்டில் புதிருக்கு மூன்று குறிப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாணயம். நாணயங்களைக் காட்சிகளுக்குள் தேடித்தான் எடுக்க வேண்டும், எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. ஆகவே, இதைச் செலவழிக்கலாமா என்று யோசிக்கும் நேரத்தில் புதிரையும் இன்னொரு முறை பார்த்துவிடுகிறோம். 2009இல் வந்த மெஷினேரியம் என்ற புதிர் விளையாட்டில் தீர்வுப் புத்தகத்தைத் திறக்க, சலிப்பூட்டும் ஒரு சுடும் ஆட்டத்தை முடித்தாக வேண்டும்.

என் கோபமெல்லாம் விளம்பரம் பார்த்தால் அல்லது பணம் கட்டினால் குறிப்பு தரும் மொபைல் விளையாட்டுகள் மீதுதான். அங்கே நீங்கள் திணறத் திணற வருமானம். புதிரை நியாயமாக அமைக்க அவர்களுக்கு என்ன அவசியம்?

பொத்தானை அழுத்தும் முன், இதுவரை என்னென்ன முயன்றாள் என்று உங்களிடம் அவள் சொல்லட்டும். சொல்லும்போதே பல நேரம் வழி புலப்பட்டுவிடும். இல்லையென்றால் முதல் குறிப்பை மட்டும் எடுக்கட்டும். லேட்டன், மெஷினேரியம் இரண்டுமே மொபைலுக்கும் வந்திருக்கின்றன. விளம்பர விளையாட்டுகளை நீக்கிவிட்டு இவற்றில் தொடங்குங்கள்.