கவுன்சிலர் அறைக்குப் போனால் வீட்டுக்குத் தெரியுமா?

மனநல ஆலோசனை பெறுவது பற்றிக் கல்லூரி மாணவர்களும் பெற்றோரும் கேட்ட கேள்விகளுக்கு, மனநலத் துறையில் பணிபுரிவோர் பதில் தருகிறார்கள்.

எங்கள் இன்ஜினியரிங் கல்லூரியில் கவுன்சிலர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் சொன்னால் எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) காதுக்குப் போய், அங்கிருந்து வீட்டுக்கும் போய்விடும் என்கிறார்கள். உண்மையா?
– இரண்டாமாண்டு மாணவி, ஈரோடு

‘கவுன்சலிங்’ என்ற சொல் நம் ஊரில் படாத பாடு படுகிறது. பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் இடம் பிடிப்பதும் கவுன்சலிங். இன்டர்னலில் மதிப்பெண் குறைந்தால் மென்டார் கூப்பிட்டுக் கண்டித்து, நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவதும் கவுன்சலிங். அந்த நோட்டு துறை அலமாரியில் இருக்கும். ஆய்வுக்குழு வந்தால் எடுத்துக் காட்டுவார்கள். பெற்றோர் கூட்டத்தில் அப்பா அம்மாவும் புரட்டுவார்கள். அதில் ‘தூக்கமில்லை, அழுகிறாள்’ என்று ஏறிவிட்டால் நாலு பேர் கண்ணில் படத்தான் செய்யும். உங்கள் காதுக்கு வந்த கதைகளில் பாதி இந்த நோட்டிலிருந்து கிளம்பியதாகத்தான் இருக்கும்.

மனநல ஆலோசகரின் குறிப்பு அப்படிப்பட்டதல்ல. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு, சிகிச்சை பெறுபவரின் விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு நேரும் நிலை, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள்தான் உண்டு. ஆனால் சட்டம் சொல்லும் ‘மனநல வல்லுநர்’ என்ற வரையறைக்குள் கல்லூரி கவுன்சிலர் வருவாரா என்பது அவர் படித்த படிப்பையும் பதிவையும் பொறுத்தது. ஆகவே சட்டத்தை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். முதல் சந்திப்பில், உங்கள் கதையைத் தொடங்கும் முன்பே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். நான் சொல்வதை எங்கே எழுதி வைப்பீர்கள்? அதை யாரெல்லாம் பார்க்க முடியும்? எந்த நிலைமையில் வீட்டுக்குச் சொல்வீர்கள், சொல்வதற்கு முன் என்னிடம் சொல்வீர்களா? முறையாகப் பயின்றவர் இதற்குக் கோபப்பட மாட்டார். பெரும்பாலும் நீங்கள் கேட்காமலே அவரே சொல்லிவிடுவார். “எல்லாம் நம்ம பிள்ளைங்கதானே, எச்.ஓ.டி. சார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடலாம்” என்று பதில் வந்தால், படிப்பு விஷயத்தை மட்டும் பேசிவிட்டு வந்துவிடுங்கள். மற்றதற்குக் கல்லூரிக்கு வெளியே வழி இருக்கிறது.

இன்னொரு சின்ன விஷயத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வகுப்பு நேரத்தில் போனால் ஓ.டி. (ஆன் டியூட்டி அனுமதி) கேட்க வேண்டிவரும், வகுப்பு ஆசிரியருக்குக் காரணம் சொல்ல வேண்டிவரும். அதனால் மதிய இடைவேளையிலோ கடைசி பீரியட் முடிந்த பிறகோ நேரம் கேளுங்கள்.

வயதையும் பாருங்கள். முதலாமாண்டில் 17 வயதில் இருப்பவர்கள் நிறைய. 18 நிறையாதவருக்குச் சிகிச்சை தொடங்கப் பெற்றோர் சம்மதம் தேவை. 18 ஆகிவிட்டால் முடிவு உங்களுடையது.

எங்கள் கல்லூரியில் கவுன்சிலரே கிடையாது. 14416 என்ற எண்ணைப் பார்த்தேன். கூப்பிட்டால் என்ன நடக்கும்?
– பி.காம். மாணவர், தென்காசி

அது டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் எண். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கியது. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு மனநல சேவை’ என்ற பெயரில் நடக்கிறது. 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் கிடையாது. இணைப்பு கிடைக்காவிட்டால் 1800-891-4416 என்ற எண்ணிலும் முயலலாம்.

முதலில் பதிவு செய்த குரல் வரும், மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். பிறகு பயிற்சி பெற்ற ஆலோசகர் எடுப்பார். வயது, ஊர், என்ன தொந்தரவு, எத்தனை நாளாக என்று கேட்பார். பெயர் சொல்லப் பிடிக்கவில்லை என்றால் அதையே சொல்லிவிடலாம். பேச்சில் மருத்துவர் தேவை என்று தெரிந்தால் அடுத்த நிலையில் இருக்கும் உளவியலாளருக்கோ மனநல மருத்துவருக்கோ மாற்றுவார்கள், அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனையைச் சொல்வார்கள்.

இதில் வழக்கமாகச் சொதப்புவது இரண்டு இடம். ஹாஸ்டல் வராந்தாவில் நின்று பேசத் தொடங்கி, யாரோ வந்ததும் பாதியில் வைத்துவிடுவது ஒன்று. மொட்டைமாடியோ மைதான ஓரமோ பார்த்து, இயர்போன் போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு கூப்பிடுங்கள். மற்றது, எடுத்ததும் வாய் அடைத்துப்போய் “சும்மாதான் கூப்பிட்டேன்” என்று வைத்துவிடுவது. நாலு வரி எழுதி வைத்துப் படித்தாலே போதும்: “மூணு வாரமா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தூக்கம் வரல. மெஸ்ஸுக்குப் போகப் பிடிக்கல. கிளாஸ்ல உட்கார்ந்தா நெஞ்சு படபடங்குது. செமஸ்டர் வருது.” ஆலோசகருக்கு இது நல்ல தொடக்கம். அடுத்த முறை வேறொருவர் எடுக்கக்கூடும் என்பதால் அந்தத் தாளைக் கிழித்துவிட வேண்டாம்.

கவுன்சிலர் இல்லாத விஷயத்துக்கு வருவோம். 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனம் தகுதியுள்ள ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. உதவி எண்களை விடுதியிலும் வகுப்பறையிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கவும் சொன்னது. இரண்டையும் குறிப்பிட்டு, நாலைந்து பேர் சேர்ந்து முதல்வருக்கு எழுத்தில் கொடுங்கள். தனி ஆளாகக் கொடுத்தால் ‘உனக்கு என்ன பிரச்சினை?’ என்ற கேள்விதான் முதலில் வரும்.

மூன்று அரியர். புத்தகத்தைத் திறந்தாலே வெறுப்பாக இருக்கிறது. நோய் என்று சொல்ல முடியாது. இதற்கெல்லாம் போகலாமா?
– மூன்றாமாண்டு மாணவர், திருவண்ணாமலை

போகலாம். உற்சாகமின்மை, தூக்கக் குறைவு, கவனம் சிதறல் எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நீடித்தால் ஒருமுறை பார்த்துவிடுவதுதான் முறை. மருத்துவமனையில் ஒன்பது கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று தருவார்கள். அது கேட்பதும் ‘கடந்த இரண்டு வாரத்தில்’ என்றுதான். தைராய்டு, ஹீமோகுளோபின் பரிசோதனையும் எழுதித் தந்தால் அலட்சியம் செய்யாதீர்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே மந்தம் வரும்.

பெரியாஸ்பத்திரிக்குப் போவதா, தனியாரிடம் போவதா? யார் சரியான ஆள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– முதுகலை மாணவி, மதுரை

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலத் துறைக்குத் தனி ஓ.பி. உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் இருப்பார். தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் அந்தக் குழு வரும். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கி ‘மனநலப் பிரிவு’ என்று கேளுங்கள். மருந்து இலவசம். குறை என்னவென்றால் கூட்டம். மருத்துவர் உங்களோடு பேசும் நேரம் குறைவாகத்தான் இருக்கும். மருந்து தேவைப்படுகிறதா என்று தெரிந்துகொள்ள அது போதும். வாராவாரம் உட்கார்ந்து பேச வேண்டும் என்றால், அங்கே உளவியலாளர் எந்த நாளில் இருக்கிறார் என்று கேட்டு அந்த நாளில் வாருங்கள்.

தனியார் என்றால் பெயர்ப் பலகையைக் கவனித்துப் படிக்க வேண்டும். மருந்து எழுத மனநல மருத்துவரால் மட்டும்தான் முடியும் என்றில்லை, மற்ற மருத்துவர்களும் எழுதுவார்கள், ஆனால் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் மனநலத்தில் எம்.டி. அல்லது அதற்கு இணையான பட்டம் பெற்றவரே இதற்கான நிபுணர். மருத்துவ உளவியலாளர் என்று போட்டிருந்தால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை இணையத்தில் சரிபார்க்கலாம். ஒரு மாத ஆன்லைன் சான்றிதழை வைத்துக்கொண்டு ‘மைண்ட் கோச்’ என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தை விடாதீர்கள். போகும் முன்பே ஒரு அமர்வு எத்தனை நிமிடம் (பொதுவாக 45 முதல் 50), கட்டணம் எவ்வளவு, மாணவர் சலுகை உண்டா, வர முடியாமல் போனால் கட்டணம் உண்டா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மகனுக்கு எஸ்சிடலோபிராம் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். பத்து நாளாயிற்று, மாற்றமே இல்லை, குமட்டல் வேறு. நிறுத்திவிடலாமா? அடிமையாகிவிடுவானா?
– தாய், விருதுநகர்

நிறுத்த வேண்டாம் அம்மா. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் இந்த வகை மருந்து பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும், சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகும். குமட்டலும் வயிற்றுக் கோளாறும் முதல் வாரத்திலேயே வந்து, பெரும்பாலும் தானே அடங்கும். பக்கவிளைவு முந்திக்கொண்டு வர, பலன் பிந்தி வருவதால்தான் பத்தாம் நாளில் பலரும் கைவிடுகிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்துப் பாருங்கள். முதல் சில வாரங்களில் 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும்: பதற்றமும் எரிச்சலும் கூடினாலோ உயிரை விடும் பேச்சு வந்தாலோ அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இது போதைப் பழக்கம் ஆகும் மருந்து அல்ல. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும் என்பதால் மருத்துவர் சொன்னபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். நலமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வது வழக்கம். பழக்கமாகக்கூடியவை அல்பிரசோலம், குளோனசிபாம் வகை மாத்திரைகள். அவற்றைப் பழைய சீட்டைக் காட்டித் திரும்பத் திரும்ப வாங்கக் கூடாது.

ரூம்மேட் “நான் இல்லேன்னா எல்லாருக்கும் நிம்மதி” என்கிறான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் கேட்கிறான்.
– விடுதி மாணவர், கோவை

சத்தியம் செய்யாதீர்கள். “சாகணும்னு தோணுதாடா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பலருக்கு அது பேச வழி திறந்துவிடும். ஆமாம் என்றாலோ மழுப்பினாலோ தனியே விடாமல் கூடவே இருங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளக் கூடியவற்றை அறையிலிருந்து அகற்றுங்கள். வார்டனிடம் சொல்லுங்கள்; அவர் பொருட்படுத்தாவிட்டால் அவன் வீட்டாரிடம் சொல்லுங்கள். அவன் பக்கத்தில் இருந்தபடியே 14416ஐயோ, சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவின் 044-24640050 எண்ணையோ ஸ்பீக்கரில் போடலாம். ஆபத்து உடனடியானது என்றால் 108தான். அரசு மருத்துவமனை அவசரப் பிரிவு இரவிலும் உண்டு.

போலீஸ் வழக்கு வருமே என்று தயங்க வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆவது பிரிவு இல்லை. மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள். அது வழக்கமான நடைமுறை.

சிகிச்சைக்காக மூன்று வாரம் வகுப்புக்குப் போகவில்லை. வருகைப்பதிவு 68 சதவீதம். சான்றிதழில் நோயின் பெயர் வந்துவிடுமா?
– மாணவி, கடலூர்

75 சதவீதம் கேட்கும் பல்கலைக்கழகங்களில், 65க்கு மேல் இருந்தால் மருத்துவச் சான்றின் பேரில் தேர்வெழுத விடும் விதி பல இடங்களில் உண்டு. உங்கள் பாடத்திட்ட விதிமுறைப் புத்தகத்தில் வருகைப்பதிவுப் பகுதியைப் பாருங்கள். ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என் சிகிச்சையில் இருந்தார், ஓய்வு தேவைப்பட்டது’ என்று மட்டும் எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்கலாம். ஓ.பி. சீட்டின் நகலைச் சேர்க்கச் சொன்னால், அதில் மருந்துப் பெயர்களும் துறைப் பெயரும் இருக்கும். கொடுக்கும் முன் யோசியுங்கள். செமஸ்டர் முடியும் வரை காத்திராமல் வகுப்புக்குத் திரும்பிய வாரத்திலேயே கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.