"அன்லிமிடெட்" ஹோஸ்டிங் என்று வாங்கினேன், கணக்கை முடக்கிவிட்டார்கள்

கேள்வி: திருப்பூரில் தனியாளாகத் திருமண போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறேன். 'ஸ்டோரேஜ், பேண்ட்வித் இரண்டும் அன்லிமிடெட்' என்ற விளம்பரத்தைப் பார்த்து, மூன்று வருடத்துக்கு ரூ.12,000 கட்டி வெப் ஹோஸ்டிங் (வெப்சைட்டை வைத்து நடத்த சர்வரில் வாடகை இடம்) வாங்கினேன். ஆல்பங்களை ஏற்றி, கல்யாண வீட்டாருக்கு டவுன்லோடு லிங்க் கொடுத்து வந்தேன். முகூர்த்த மாதத்தில் கணக்கை முடக்கிவிட்டார்கள். போனில் மரியாதையில்லாமல் பேசினார்கள். ரூ.10 லட்சம் இழப்பீடு கேட்கலாமா?

பதில்: போனில் பேசியதை விட்டுவிடுங்கள். நுகர்வோர் ஆணையம் பார்க்கப்போவது ஒன்றைத்தான்: அந்த இடத்தை வெப்சைட் நடத்தப் பயன்படுத்தினீர்களா, படங்களை அடுக்கிவைக்கும் குடோனாகவா? 'அன்லிமிடெட்' என்று விற்கும் திட்டங்களின் நிபந்தனைகளில், இடம் வெப்சைட்டின் கோப்புகளுக்கு மட்டுமே என்ற வரி பெரும்பாலும் இருக்கும். 20 ஜிபி ஆல்பம் ஸ்டோரேஜில் ஒருமுறைதான் கணக்காகும். அதையே பதினைந்து உறவினர்கள் இறக்கினால் டேட்டா டிரான்ஸ்ஃபர், அதாவது பேண்ட்வித், 300 ஜிபி. அந்த லாக்கை (சர்வரில் பதிவாகும் டவுன்லோடு விவரத்தை) எதிர்த்தரப்பு நிச்சயம் தாக்கல் செய்யும்.

தவறான விளம்பரம் என்ற வாதம் உங்களுக்கு உண்டு. ஆனால் 'வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோரே அல்ல' என்பார்கள். பிழைப்புக்காகச் சொந்தமாகச் செய்யும் தொழில் என்பதைப் புகாரிலேயே எழுதியாக வேண்டும். 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று வாதிடப்போனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையம் அதை விசாரிக்க முடியாது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். இது தெரியாமல் ஒரு வருடத்தைத் தொலைத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு.

நான் உண்மையில் பயப்படுவது வேறொன்றுக்கு. கோபத்தில் பேங்குக்குப் போய் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தைப் பேங்க் வழியாகத் திரும்பப் பெறும் கோரிக்கை) போட்டுவிடாதீர்கள். என்னிடம் வந்த ஒருவர் அதைத்தான் செய்தார். கட்டிய பணம் திரும்பி வந்தது. பணம் நிலுவை என்று சொல்லி நிறுவனம் கணக்கை மூடி டேட்டாவை அழித்துவிட்டது. நிபந்தனையில் அதற்கும் இடம் இருந்தது. பல வருடப் படங்கள் போயின, வழக்குக்கான ஆதாரமும் அதோடு போனது. டொமைனும் (வெப்சைட்டின் முகவரிப் பெயர்) அதே நிறுவனத்திடம் இருந்ததால் மெயிலும் நின்றது.

உங்கள் நிலைமை இன்னும் மோசம். ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு நீங்கள் நுகர்வோர் என்றால், கல்யாண வீட்டாருக்கு நீங்கள் சேவை அளிப்பவர். படம் அழிந்தால் அவர்கள் உங்கள்மேல்தான் புகார் கொடுப்பார்கள். தாலி கட்டியதை மறுபடி எடுக்க முடியாது என்பது ஆணையத்துக்கும் தெரியும். பத்து லட்சம் கேட்கப் போய், பத்துக் குடும்பங்களுக்குப் பதில் சொல்லும் நிலை வரலாம். நிறுவனமோ, பொறுப்பு கட்டிய தொகைக்கு மேல் போகாது என்ற நிபந்தனையை நீட்டும்.

அதனால் சமரசமாகப் போங்கள். ஆல்பங்களை எடுத்துவிடுகிறேன், அதற்குப் பதினைந்து நாள் டவுன்லோடு அனுமதி, டொமைனை வேறு நிறுவனத்துக்கு மாற்றத் தேவையான ரகசியக் குறியீடு, மீதி மாதங்களுக்கான பணம் வேண்டும் என்று மெயில் எழுதுங்கள். படங்களும் டொமைனும் கிடைத்தால் பணத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.

மறுத்தால் புகார் கொடுக்க இரண்டு வருட அவகாசம் இருக்கிறது, திருப்பூரிலேயே தாக்கல் செய்யலாம். விளம்பரத்தையும் நிபந்தனைப் பக்கத்தையும் மட்டும் தேதி தெரியும்படி இன்றே சேமித்துவிடுங்கள், நாளைக்கே அவர்கள் அதை மாற்றலாம். பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (சாட்சியச் சட்டம்) 63(4) பிரிவின்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் இணைக்காத ஸ்கிரீன்ஷாட்டை எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடமாட்டார்.